எண்ணூறு ரூபாய் வேகம்

அம்மாபேட்டைக்காரர்களுக்கு வேகம் என்றால் தறியில் ஓடும் நாடாவின் வேகந்தான். அப்படிப்பட்ட தெருவில் 1969-ல் ஒரு பிள்ளையாண்டானுக்கு மோட்டார்ப் பந்தயப் பைத்தியம் பிடித்தது. அவன் என் பால்ய நண்பன். பட்டு ஜவுளி வியாபாரி ஒருவரின் மூன்றாவது மகன். அந்தப் பைத்தியத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

விதை விழுந்த இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டிக் கல்கத்தா சாலையில் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அங்கே ஒரு விமானத் தளம் அமைத்தார்கள். யுத்தம் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, ஓடுதளம் மட்டும் கிடந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஏற்பட்டபின், வெகுகாலம் தென்னாட்டுப் பந்தயக்காரர்களுக்கு அதுதான் க்ஷேத்திரம். நாங்கள் இருவரும் ரயிலேறிப் போய்ப் பார்த்தோம். சீமான்களின் வெளிநாட்டுக் கார்கள் என் மனத்தில் நிற்கவில்லை. நம் தெருவில் ஓடுகிற அதே பியட்டும் ஹெரால்டும், பின் ஸீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாய்ந்தனவே, அதுதான் எங்களைக் கெடுத்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். வெளிநாட்டுச் சாமான் கிடைக்காது; கிடைத்தாலும் விலை கட்டாது. அரத்தையும் கடைசல் இயந்திரத்தையும் பொறுமையையும் வைத்துக்கொண்டே வேகத்தைச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

நண்பன் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினான். கைவசம் மிச்சம் எண்ணூறு ரூபாய்.

அந்த எஞ்சினுக்கு ஒரு வமிச சரித்திரம் உண்டு. 1953-ல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற சின்னக் காருக்காகப் பிறந்தபோது அதன் கொள்ளளவு 803 சிசி. பிறகு 948 ஆயிற்று, அப்புறம் 1147, 1296, எழுபதுகளில் 1493. ஹெரால்டில் 948 சிசி எஞ்சின் சுமார் 35 குதிரைசக்தி கொடுத்தது. 1147 சிசி ஆனபின், 1962-ல் வந்த ஸ்பிட்பயர் காரில் இரட்டைக் கார்புரேட்டருடன் 63 கொடுத்தது. இதை எங்கோ ஒரு பத்திரிகையில் படித்துவிட்டான் நண்பன். “ஒரே எஞ்சின் வம்சந்தானே! நம்முடையது மட்டும் ஏன் தூங்குகிறது?” என்றான். பெரிய தொழிற்சாலை வருஷக்கணக்கில் சோதித்துச் சோதித்துச் செய்த காரியத்தை ஒரு வாரத்தில் முடிக்கப் பார்த்தான்.

லாரிப் பட்டறை மேஸ்திரி ஒருவரிடம் முதலில் போனோம். அவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் உள்ளே வேகிறது என்று அர்த்தம். “தம்பி, இந்தப் பணத்துக்கு வால்வு அரைக்கலாம், ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணலாம், நாலு சக்கரத்துக்கும் பிரேக் லைனிங் மாத்தலாம். மிச்சம் இருந்தா ஜெட் ஒண்ணு மாத்திப் பார்க்கலாங்க” என்றார்.

“பிரேக் எதுக்கு அண்ணே? நான் கேட்டது வேகம்” என்றான் இவன்.

மேஸ்திரி சிரித்தார். நாங்கள் வேறொரு பட்டறைக்குப் போனோம்.

அங்கே சிலிண்டர் ஹெட்டைச் சீவித் தந்தார்கள். காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவியை அதிகமாக நெருக்கினால் அதிக சக்தி கிடைக்கும், அது உண்மைதான். ஆனால் ஓர் அளவுக்கு மேல் நெருக்கினால், பிளக் பொறி தட்டிப் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள் மூலையிலிருக்கும் ஆவி தானாகவே வெடித்துவிடும். இதுதான் ‘நாக்கிங்’ என்னும் தட்டல். ஹாரி ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயர் முதல் உலக யுத்தக் காலத்தை ஒட்டி இதை ஆராய்ந்து, குற்றம் பெட்ரோலின் தரத்தில் இருப்பதைக் காட்டினார். 1921-ல் அமெரிக்காவில் மிட்ஜ்லி என்பவர் ஈயச் சேர்மானம் ஒன்றைக் கலந்து தட்டலை அடக்கினார். (அந்த ஈய விஷத்தை நம் நாட்டுப் பெட்ரோலிலிருந்து முற்றிலும் விலக்க 2000 ஆயிற்று.) எங்கள் ஊர்ச் சாதாரணப் பெட்ரோல் அந்த நெருக்கத்தைத் தாங்குமா என்று பட்டறையில் யாரும் யோசிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பரீட்சை பார்க்க ஏற்காட்டு மலையை விடச் சிறந்த இடம் ஏது? இருபது கொண்டையூசி வளைவுகள். பாதி மலை வரை ஹெரால்டு பறந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு எஞ்சினுக்குள் யாரோ கூழாங்கல்லைக் குலுக்குவது போன்ற சத்தம். அப்போதே காலை எடுத்திருக்க வேண்டும். இவன் இன்னும் அழுத்தினான். உச்சிக்குச் சமீபத்தில் காஸ்கெட் வெடித்து ஆவி கக்கிற்று.

அந்தி வேளை. எஞ்சின் மேலும் கெட்டுவிடக் கூடாதென்று நியூட்ரலில் போட்டு, மலையிலிருந்து உருட்டிக்கொண்டே இறங்கத் தீர்மானித்தான். கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் அந்தப் பிடிப்பு இல்லை. முழுப் பாரமும் தேய்ந்துபோன பிரேக்கின்மேல். டிரம் காய்ந்தது, லைனிங் கருகும் நாற்றம் வந்தது. பெடல் கல்லைப்போல் இருந்தது, கார் மட்டும் நிற்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம். மலைப்பக்கமாக ஒடித்து மண்சரிவில் மோதினான். அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. எனக்கு ஒரு முன்பல் போயிற்று. சங்கர அடியார் கதையாக இதைச் சொல்லிச் சொல்லி என் வீட்டார் இன்றும் சிரிக்கிறார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்தவர் அந்த மேஸ்திரிதான். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஓட்டை விழுந்த பிஸ்டனை மட்டும் நண்பன் கையில் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து, தம் பழைய வரிசைப்படியே வேலையைத் தொடங்கினார்: பிரேக், டயர், ரேடியேட்டர், வால்வு, டாப்பெட் இடைவெளி. அப்புறம் மானிபோல்டுத் துவாரமும் ஹெட்டின் துவாரமும் படியில்லாமல் பொருந்தும்படி அரத்தால் தேய்த்தார். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். மாற்றியதும் விடியற்காலையில் ஓமலூர்ச் சாலையில் இரண்டு மைல்கல்லுக்கு நடுவே கடிகாரம் வைத்துப் பார்ப்பது. திரும்பி வந்ததும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது. நேரம் குறைந்து நிறமும் சரியாக இருந்தால்தான் அடுத்தது. கனமான சாமான்களைக் கழற்றிவைத்ததில் கிடைத்த லாபம் ஹெட்டைச் சீவியதில் கிடைத்ததற்குக் குறைவில்லை. பாரத்தைக் குறைக்கக் காசு வேண்டாம், பெட்ரோலும் தட்டாது.

இந்த ரகசியம் மேஸ்திரியுடையது மட்டும் அல்ல. இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்துத்தான் தம் முதல் லோட்டஸைக் கட்டினார். நம் பக்கத்தில் கோயமுத்தூர் கரிவர்தன், எண்பதுகளின் கடைசியில், ஊரெங்கும் கிடைத்த மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை இலேசான ஒற்றை ஆசனச் சட்டத்தில் பொருத்தி, ‘பார்முலா மாருதி’ என்ற பந்தயத்தையே உண்டாக்கினார். நடுத்தரக் குடும்பத்துப் பையன்களும் தொட்டுப் பார்க்கக்கூடிய பந்தயக் கார் அது. 2005-ல் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் அதில்தான் ஆரம்பித்தார். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் மாண்டுபோனார். அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் பந்தயப் பாதை இருக்கிறது. சோழவரத்துப் பந்தயங்களோ 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை திறந்ததோடு அங்கே போய்விட்டன.

என் நண்பன் சோழவரத்தில் ஓட்டவே இல்லை. தகப்பனார் காலமானதும் கடைப் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது, ஹெரால்டை விற்றுவிட்டான். பிஸ்டனை விற்கவில்லை. கடைக் கல்லாவில் பில் காகிதங்கள் பறக்காமலிருக்க அதைத்தான் வெகுகாலம் மேலே வைத்திருந்தான்.