ஊர் கூடி நடத்திய பள்ளிக்கூடங்கள்: ஒரு சின்ன வரலாறு

1/11
"டாக்டர், எங்க ஊர் அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்யணும்னு ஆசை. ஆனா கையில பணம் இல்ல. எனக்குத் தெரிஞ்ச தொழிலை வெச்சு உதவ முடியுமா?"
அடிக்கடி வரும் கேள்வி இது. முடியும். தமிழ்நாடு இதை ஏற்கனவே பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறது. கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம், வாங்க.

2/11
1920. சென்னை மாநகராட்சியின் தலைவர் சர். பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்குகிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்ய ஆங்கிலேய அரசு ஒப்பவில்லை. சில வருடங்களில் நின்றுபோனது.
இதை மனசுல வெச்சுக்கோங்க. பின்னால் தேவைப்படும்.

3/11
1956. முதல்வர் காமராசர். பொதுக் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு. மதிய உணவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஆனால் கஜானாவில் அவ்வளவு பணம் இல்லை. என்ன செய்தார்கள்?
ஊரைக் கேட்டார்கள். ஊருக்கு ஊர் குழு. நெல் இருந்தவர் நெல், காய்கறி இருந்தவர் காய்கறி, ஒன்றும் இல்லாதவர் உழைப்பு.

4/11
அடுத்த வருடமே அரசும் பங்கு போட வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா செலவு என்றால் 6 பைசா அரசு, 4 பைசா ஊர்.
ஒரு மருத்துவனாகச் சொல்கிறேன். வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கவனம் நிற்காது. அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து அடிப்பது நம் தப்பு. அதைப் புரிந்துகொண்ட திட்டம் இது.

5/11
சோறு வந்தாச்சு. கட்டடம்? ஓட்டை ஓடு, உடைந்த பலகை, அழிந்துபோன கரும்பலகை.
1958-ல் தொடங்கின, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். பேர்தான் மாநாடு. வேலை ரொம்ப எளிமையானது. ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து முதலில் ஒரு பட்டியல் போடுவார்கள்: நம்ம பள்ளிக்கு என்னென்ன தேவை?

6/11
பிறகு பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆள். நிலம் ஒருவர், பெஞ்சு ஒருவர், கடிகாரம் ஒருவர், குடிதண்ணீர்ப் பானை ஒருவர், சீருடை இன்னொருவர். பழுது பார்ப்பது, வெள்ளையடிப்பது என்று கைவேலையும் அந்தப் பட்டியலில் உண்டு.
இதில் கவனிக்க வேண்டியது வரிசை. "என்கிட்ட இது இருக்கு, வாங்கிக்கோங்க" என்று தொடங்கவில்லை. "பள்ளிக்கு என்ன வேணும்?" என்றுதான் தொடங்கினார்கள்.

7/11
அங்கிருந்து நேராக 2021-க்கு வருவோம். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஒன்றரை வருடத்துக்கும் மேல். அந்தச் சமயத்தில் வந்தது 'இல்லம் தேடிக் கல்வி'. படித்த உள்ளூர் இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். அதற்காக வந்த வேலை இல்லை அது.

8/11
பலன் இருந்ததா? கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் கிராமங்களில் அளந்து பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இந்தத் தன்னார்வலர்களின் சாயங்கால வகுப்பால்.
அந்த அக்காக்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

9/11
ஆனால் 24 என்றால் மீதி 76-ம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு பள்ளி திறந்ததாலும் ஆசிரியர் வகுப்பில் நின்றதாலும் வந்தது.
எனவே "தன்னார்வலர் இருக்காங்களே, காலிப் பணியிடத்தை எதுக்கு நிரப்பணும்?" என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நர்ஸ் இல்லாத வார்டை உறவினர்களை வைத்து ஓட்டுவது மாதிரி அது. ஒரு ராத்திரி ஓடும். வருடம் முழுக்க ஓடாது.

10/11
1920-ல் தொடங்கியது நின்றதற்குக் காரணம், மேலே இருந்த அரசு கைகொடுக்காதது. 1956-ல் தொடங்கியது இன்றும் நிற்பதற்குக் காரணம், ஊர் ஆரம்பித்ததை அரசு ஏற்றுக்கொண்டது. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று அது வளர்ந்துகொண்டே வந்தது. ஊர் தொடங்கி வைக்கலாம். தொடர்ந்து நடத்துவது அரசின் கடமை.

11/11
சரி, நீங்க என்ன செய்யலாம்?
2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, அந்தக் குழுவோடு உட்கார்ந்து 1958 மாதிரி ஒரு பட்டியல் போடுங்கள்.
எலக்ட்ரீஷியனா? வயரிங்கைப் பார்த்துக் கொடுங்கள். தச்சரா? ஆடுகிற பெஞ்சுக்கு ஓர் ஆணி. தையல் தெரிந்த அக்காவா? கிழிந்த சீருடைக்கு நாலு தையல். என் மாதிரி மருத்துவரா? ஆறு மீட்டர் தூரத்தில் ஓர் எழுத்து அட்டையை மாட்டிப் பிள்ளைகளின் பார்வையைப் பாருங்கள். 'மக்கு' என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் சிலருக்குக் கரும்பலகையே சரியாகத் தெரிவதில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு கண்ணாடி.
போகும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "என்ன வேணும், சார்?"