இரண்டு சூட்கேஸ், 4,500 படங்கள்: ஃப்ரீடல் டீச்சரின் டிராயிங் கிளாஸ்

இன்னைக்கு எபிசோட் ரெண்டு சூட்கேஸ்ல இருந்து ஆரம்பிக்குது.

1945 ஆகஸ்ட் மாதம். ஐரோப்பாவில் போர் முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நாஜி முகாம் ஒன்றில் உயிர் பிழைத்த வில்லி க்ரோக் என்பவர், பிராக் நகரின் யூத சமூக அலுவலகத்துக்கு இரண்டு சூட்கேஸ்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே நகையோ பணமோ இல்லை. ஏறக்குறைய 4,500 படங்கள் இருந்தன. பெரும்பாலும் குழந்தைகள் வரைந்தவை. வீடு, பூச்சாடி, பட்டாம்பூச்சி, அடுக்குக் கட்டில், ஜன்னல் வழியாகத் தெரியும் மலை. நிறைய படங்களின் ஓரத்தில் வரைந்த குழந்தையின் பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயர்களுக்கு உரியவர்களில் பெரும்பாலானோர் அப்போது உயிரோடு இல்லை.

அந்தக் குழந்தைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். அவரும் உயிரோடு இல்லை.

இந்தக் கதைக்கு நான் எப்படி வந்தேன்னு முதல்ல சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி வேலையில ரொம்ப மோசமான ஒரு காலம். ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வரும், எழுந்து லேப்டாப்பைத் திறக்கணும். கொஞ்ச நாள்ல அலர்ட் வராத ராத்திரியிலும் ரெண்டு மணிக்கு முழிப்பு வர ஆரம்பிச்சுது. ஒரு கவுன்சிலர்கிட்ட போனேன். பேச்சுவாக்குல அவங்க, "சின்ன வயசுல என்ன பிடிக்கும்?"னு கேட்டாங்க. படம் வரையப் பிடிக்கும்னு சொன்னேன். "அப்போ வரைங்களேன்" அப்படின்னாங்க.

எஞ்சினியர் என்ன பண்ணுவான்? உடனே டேப்லெட், ஸ்டைலஸ், நாற்பது பிரஷ் இருக்கிற பேக், மூணு ஆன்லைன் கோர்ஸ், எல்லாம் வாங்கியாச்சு. ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா முடிச்ச படம் ஒண்ணுகூட இல்லை. ஒரு கோடு போடுவேன், சரியா வரலைன்னு அன்டூ. திரும்பப் போடுவேன், திரும்ப அன்டூ. இன்ஸ்டாகிராம்ல பதினாறு வயசுப் பசங்க போடற படத்தைப் பார்த்துட்டு டேப்லெட்டை மூடி வெச்சுடுவேன். மனசு லேசாகணும்னு ஆரம்பிச்ச விஷயம், இன்னொரு பெர்ஃபார்மன்ஸ் ரிவ்யூ ஆயிடுச்சு.

அந்த நேரத்துலதான் ஃப்ரீடலைப் பத்திப் படிச்சேன். என் தூக்கம் கெட்ட கதையையும் அந்தக் குழந்தைகள் பட்டதையும் ஒரே தராசில் வைக்கவே முடியாது, வைக்கவும் மாட்டேன். ஆனா "வரையறது மனசுக்கு என்ன செய்யுது?" அப்படிங்கற கேள்விக்கு அவங்க அளவுக்கு நேர்மையா பதில் தேடின ஆள் குறைவு. அதனால இந்த எபிசோட்.

ஃப்ரீடல் 1898-ல் வியன்னாவில் பிறந்தவர். அங்கே யோஹான்னஸ் இட்டன் என்ற ஓவிய ஆசிரியரிடம் படித்தார். 1919-ல் ஜெர்மனியின் வைமார் நகரில் பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளி தொடங்கியது. ஓவியம், நெசவு, மரவேலை, அச்சு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த பள்ளி அது. இன்னைக்கு நம்ம போன்ல பார்க்கிற சுத்தமான ஐகான், எழுத்துரு, லேஅவுட் எல்லாத்துக்கும் அந்தப் பள்ளி ஒரு தாத்தா மாதிரி. இட்டன் அங்கே ஆசிரியராகப் போனார், ஃப்ரீடலும் பின்னாலேயே போனார்.

இட்டனோட கிளாஸ் கொஞ்சம் விசித்திரமா இருக்கும். வந்த உடனே பென்சிலைக் கையில் கொடுக்க மாட்டார். முதலில் மூச்சுப் பயிற்சி, அப்புறம் உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. பிறகு ஒரு தாளத்துக்கு ஏற்ப வட்டமும் அலையும் போடச் சொல்வார். கையும் மூச்சும் மனசும் ஒண்ணா ஓடணும், அப்புறம்தான் படம். இதை நினைவில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

பௌஹவுஸுக்குப் பிறகு ஃப்ரீடல், ஃப்ரான்ஸ் ஸிங்கர் என்ற நண்பரோடு சேர்ந்து வியன்னாவில் வடிவமைப்பு ஸ்டுடியோ நடத்தினார். மேசை நாற்காலி, துணி, வீட்டு உள் அலங்காரம், ஒரு மழலையர் பள்ளிகூட. அரசியலில் அவர் கம்யூனிஸ்ட். 1934-ல் வியன்னாவில் கைதானார், சிறையில் இருந்தார், விசாரணையை எதிர்கொண்டார். வெளியே வந்து பிராக் நகரத்துக்குக் குடிபோனதும் அந்த விசாரணை அறையையே ஓவியமாக வரைந்தார். உளப்பகுப்பாய்வு சிகிச்சைக்கும் போனார். அதாவது, காயத்தைப் பற்றி இவர் பேசியது புத்தகத்தில் படித்து அல்ல.

பிராகில் நாஜிகளுக்குப் பயந்து ஓடிவந்த அகதிகளின் குழந்தைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு உதவியாளராக ஈடித் கிராமர் என்ற இளம்பெண் இருந்தார். வியன்னாவிலேயே ஃப்ரீடலிடம் ஓவியம் படித்தவர். இந்தப் பேரையும் மறந்துடாதீங்க.

1936-ல் ஃப்ரீடல், பாவெல் பிராண்டைஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். 1942 டிசம்பரில் இருவரையும் தெரேசின் முகாமுக்கு அனுப்பினார்கள்.

தெரேசின், பிராகிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வடக்கே இருக்கிற பழைய கோட்டை நகரம். போருக்கு முன் அங்கே சுமார் 7,000 பேர் இருந்தார்கள். 1942 செப்டம்பரில் அதே இடத்தில் 58,000 பேருக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தார்கள். மொத்தத்தில் அந்த முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறக்குறைய 1,40,000 பேர். சுமார் 33,000 பேர் பசியிலும் நோயிலும் அங்கேயே இறந்தார்கள். 85,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து ஆஷ்விட்ஸ் போன்ற கொலைக்களங்களுக்கு ரயிலில் அனுப்பப்பட்டார்கள்.

ஒருவர் 50 கிலோ சாமான்தான் கொண்டுவரலாம். நாமா இருந்தா என்ன எடுத்துட்டுப் போவோம்? ஸ்வெட்டர், மருந்து, சாப்பாடு. ஃப்ரீடல் அந்த எடையில் காகிதத்துக்கும் வண்ணங்களுக்கும் இடம் ஒதுக்கினார்.

முகாமில் குழந்தைகளைத் தனி விடுதிகளில் வைத்திருந்தார்கள். பள்ளிப் பாடம் நடத்தத் தடை. ஆனால் படம், பாட்டு, கைவேலை இவற்றை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சின்ன இடுக்கு வழியாகத்தான் ஃப்ரீடல் உள்ளே நுழைந்தார். காகிதம் தீர்ந்தபோது அலுவலகப் படிவங்களின் பின்பக்கம், பொட்டலம் கட்டிய தாள், எது கிடைத்தாலும் அதில் வரைந்தார்கள். பெயின்ட் இல்லையா? வண்ணக் காகிதத்தைக் கிழித்து ஒட்டினார்கள். அப்படிச் செய்த கொலாஜ்கள் பல இன்னமும் இருக்கின்றன. கூர்ந்து பார்த்தால் பூவுக்கும் மலைக்கும் அடியில் அச்சடித்த படிவத்தின் கட்டங்கள் தெரியும்.

சரி, கிளாஸ்ல என்ன நடந்துச்சு? அங்கேதான் எனக்கு ஆச்சரியம். "உங்க சோகத்தை வரைங்க, பயத்தை வரைங்க"ன்னு அவர் ஆரம்பிக்கலை. இட்டன் சொல்லிக்கொடுத்த மாதிரியே தாளத்தில் ஆரம்பித்தார். அவர் சொல்லும் வேகத்துக்கு ஏற்ப அலை, சுழி, வளைவு. அடுத்து, எதிரே இருக்கும் பொருளைப் பார்த்து வரைவது. சில நேரம் ஒரு கதை சொல்லி, அதில் வந்த பொருள்களை வரையச் சொல்வார். பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்து, நிழலும் வெளிச்சமும் எங்கே விழுகிறது என்று கவனிக்கச் சொல்வார். நல்ல ஓவியப் பள்ளியில் என்ன நடக்குமோ அதேதான், ஒரு முகாமின் அறைக்குள்.

இது ஏன் முக்கியம்? என் புரிதலைச் சொல்றேன். அந்தக் குழந்தையோட வாழ்க்கையில எதுவுமே அவங்க கையில இல்லை. எப்போ எழணும், எங்கே தூங்கணும், அம்மாவை எப்போ பார்க்கலாம், அடுத்த ரயில்ல யார் பேர் வரும், எல்லாம் வேற யாரோ முடிவு பண்றாங்க. ஆனா இந்தத் தாள்ல கோடு எங்கே போகணும், ஜாடி பெரிசா சின்னதா, வானம் என்ன கலர், இதெல்லாம் அந்தக் குழந்தை முடிவு பண்ணுது. ஒரு மணி நேரம்தான். ஆனா அந்த ஒரு மணி நேரம் அது கைதி இல்லை, வரையற ஆள்.

அதோடு, படத்தில் பெயர் எழுதச் சொன்னார். மனிதர்களுக்கு டிரான்ஸ்போர்ட் எண் கொடுத்த ஓர் இடத்தில், ஒவ்வொரு தாளிலும் ஒரு பெயர். ஒரு காலத்தில் தன் ஓவியங்களில் கையெழுத்துப் போட்ட ஃப்ரீடல், தெரேசினில் தான் வரைந்தவற்றில் பெரும்பாலும் போடவில்லை.

1943-ல் முகாமுக்குள்ளேயே குழந்தைகளின் படங்களைக் காட்சிக்கு வைத்தார். குழந்தை ஓவியம் பற்றி ஆசிரியர்களுக்கு ஓர் உரையும் நிகழ்த்தினார். அதன் சாரம் இது: இந்த வகுப்பின் நோக்கம் எல்லோரையும் ஓவியர் ஆக்குவது கிடையாது. குழந்தைக்குள் இருக்கும் படைப்பாற்றலை ஒரு சக்தியாக விடுவிப்பதும், தானே கவனித்து, தானே கற்பனை செய்யப் பழக்குவதும்தான். பெரியவர்கள் "இப்படி வரை"ன்னு அவசரப்பட்டு உள்ளே நுழையக் கூடாது என்றும் எச்சரித்தார்.

இப்போ கஷ்டமான பகுதி. 1944 செப்டம்பர் கடைசியில் பாவெலை ரயிலில் ஏற்றினார்கள். அவரைப் பின்தொடர வேண்டும் என்று ஃப்ரீடல் தானாகவே அடுத்தடுத்து வந்த ரயில்களில் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தார். கிளம்புவதற்கு முன் படங்களை சூட்கேஸ்களில் அடுக்கி மறைத்து வைக்க ஏற்பாடு செய்தார். அக்டோபர் 6-ஆம் தேதி ரயில் கிளம்பியது. அதே ரயிலில் அவருடைய மாணவர்கள் பலரும் இருந்தார்கள். அக்டோபர் 9 அன்று ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவில் அவர் கொல்லப்பட்டார். வயது 46. பாவெல் உயிர் பிழைத்தார்.

அதனால "கலை குணப்படுத்தும்"னு சுலபமா ஒரு போஸ்டர் வாசகம் இங்கே எழுத முடியாது. வரைந்ததால் அந்தக் குழந்தைகள் தப்பிக்கவில்லை. ஃப்ரீடலும் தப்பிக்கவில்லை. அப்படின்னா அந்த கிளாஸ் வீணா?

இந்த இடத்தில் ஈடித் கிராமருக்குத் திரும்பலாம். 1938-ல் அவர் நியூயார்க்குக்குத் தப்பிப் போயிருந்தார். 1950-களில் அங்கே வில்ட்விக் என்ற பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டிலும் தெருவிலும் அடிபட்டு, கோபமும் பயமுமாக வந்த சிறுவர்கள் தங்கிப் படித்த இடம் அது. அங்கே அவர் செய்தது, பிராகில் ஃப்ரீடலோடு செய்த வேலையின் தொடர்ச்சி. 1958-லும் 1971-லும் அவர் எழுதிய புத்தகங்கள் 'ஆர்ட் தெரபி' என்ற துறைக்கே அடித்தளம் ஆகின.

அந்தப் பெயர் பிறந்த இடமும் ஒரு நோய்ப் படுக்கைதான். 1938-ல் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் காசநோயோடு சானடோரியத்தில் படுத்திருந்தார். நேரம் போக, பக்கத்து மேசையில் இருந்த பொருள்களை வரைந்தார். தன் மனசு மாறுவதைக் கவனித்தார், மற்ற நோயாளிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். 1942-ல் இதற்கு 'ஆர்ட் தெரபி' என்று பெயர் வைத்தார். ஃப்ரீடல் முகாமுக்குப் போன அதே வருஷம். ஒருவருக்கு ஒருவர் சம்பந்தமே இல்லை.

இந்தத் துறைக்குள் ஒரு பழைய விவாதம் உண்டு. அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க் என்பவர், படம் என்பது மனதுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவந்து பேச உதவும் வழி என்றார். கிராமர், வரையும் செயலே மருந்து என்றார். அதனால் நல்லா வரையக் கத்துக்கறதும் முக்கியம். களிமண் உடையாமல் நிற்க வேண்டும், வண்ணம் அவன் நினைத்த இடத்தில் விழ வேண்டும். அது கைகூடும்போது கிடைக்கிற நிறைவுதான் சிறுவனைத் தூக்கி நிறுத்துகிறது. ஃப்ரீடலின் தாளப் பயிற்சி ஞாபகம் வருதா? அதே நம்பிக்கைதான்.

நான் அதுக்கப்புறம் டேப்லெட்டை மறுபடி திறந்தேன். ஒரு பிரஷ், ஒரு லேயர், அன்டூ கிடையாதுன்னு எனக்கே ஒரு ரூல். முதல் ரெண்டு நிமிஷம் மூச்சை விட்டுக்கிட்டே சுழி மட்டும். அப்புறம் மேசையில இருக்கிற காபி டம்ளர். எவர்சில்வர் டம்ளர் வரையறது எவ்வளவு கஷ்டம்னு வரைஞ்சு பார்த்தாதான் தெரியும். ஜன்னல், என் விரல், டியூப்லைட் எல்லாம் அதுக்குள்ள வளைஞ்சு தெரியுது. பத்து வருஷமா அதுலதான் காபி குடிக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை.

நான் வரையற ஆப்ல டைம்லாப்ஸ் வசதி இருக்கு. படம் முடிஞ்சதும் போட்டுப் பார்த்தேன். கோணலா போன கோடு, அதைச் சரி பண்ணாம பக்கத்துல போட்ட இன்னொரு கோடு, எல்லாம் முப்பது செகண்ட்ல ஓடுச்சு. படம் சுமார்தான். ஆனா அந்த அரை மணி நேரம் நான் எங்கே இருந்தேன்னு அதுல தெரிஞ்சுது. டிஜிட்டலா பென்சிலாங்கறது எனக்கு இப்போ பெரிய கேள்வியா தெரியலை. படிவத்தோட பின்பக்கத்துல வரைஞ்சவங்ககிட்ட அந்தக் கேள்வியைக் கேட்க முடியுமா?

என் தூக்கம் சரியானது இதனால மட்டும் இல்லை. கவுன்சிலரும் உதவினாங்க, டீமும் மாறினேன். மனசு ரொம்பக் கஷ்டத்துல இருக்கிறவங்க தயவுசெஞ்சு ஒரு டாக்டரையோ கவுன்சிலரையோ பாருங்க. வரையறது அதுக்குப் பதில் ஆகாது, கூடவே வெச்சுக்கலாம்.

அந்த 4,500 படங்கள் இன்னைக்கு பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே பிங்கஸ் யூத ஜெப ஆலயத்தின் சுவர்களில், கொல்லப்பட்ட செக் யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். அதே கட்டடத்தின் மாடியில் குழந்தைகளின் படங்கள். கீழே பெயர்களாக மட்டும் தெரிகிறவர்களில் சிலருக்கு, மேலே ஒரு ஜன்னலும் ஒரு பூச்சாடியும் இருக்கின்றன. யாரோ ஒரு சிறுமி ஒரு மதிய வேளையில் வானத்துக்கு என்ன கலர் என்று தானே முடிவு செய்தது, அப்படியே தாளில் இருக்கிறது. அந்த கிளாஸ் வீணான்னு கேட்டேன் இல்லையா, எனக்கு இது போதும்.

இந்த வாரம் பத்து நிமிஷம் ஒதுக்கி, உங்க மேசையில இருக்கிற ஏதாவது ஒரு பொருளை வரைஞ்சு பாருங்க. எங்கேயும் போஸ்ட் பண்ண வேண்டாம், எனக்கும் அனுப்ப வேண்டாம். ஓரத்துல உங்க பேரும் தேதியும் மட்டும் எழுதிடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.