ஸ்பிட்ஃபயருக்கு வண்டலூர்ல ஒரு அக்கா

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கணும்னு ஏங்குற நண்பர்கள் நம்ம கூட்டத்துல நாலஞ்சு பேராவது இருக்காங்க. அவங்களுக்காக ஒரு சின்ன வரலாறு.

இங்கிலாந்துல இருந்து நேரா இறக்கலாம்னா லேசு இல்ல. தயாரிச்சு மூணு வருஷம் தாண்டின காரை இறக்குமதி செய்யக்கூடாதுங்கிறது பொது விதி. விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி. முன்னாடியெல்லாம் நாம ஆசைப்படுற வண்டி பெரும்பாலும் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கும். ஆனா அந்த வண்டிகள்ல ஒண்ணோட அக்கா நம்ம வண்டலூர்லயே பிறந்தவ!

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல தொடங்கின மெட்ராஸ் கம்பெனி. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியோட கூட்டு. முதல்ல வேங்கார்டு, அப்புறம் பென்னன்ட், 1961-ல ஹெரால்டு. ட்ரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் வெளிவந்தது 1959-ல. வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. மற்ற கம்பெனிகள் சேஸிஸும் பாடியும் ஒண்ணா சேர்ந்த கார்களுக்கு மாறிக்கிட்டிருந்த காலத்துல, இதுக்கு மட்டும் தனி சேஸிஸ், அதுமேல போல்ட் போட்டு முடுக்குற பாடி.

எங்க திரேஸ்புரத்துல வள்ளம் கட்டுறதைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுன்னு விளங்கும். அடியில ஏரா, அதுக்கு மேலதான் பலகை. பலகை போனா மாத்திக்கலாம், ஏரா போனா வள்ளமே போச்சு.

அந்த ஹெரால்டு சேஸிஸைக் குறுக்கி, மேல ரெண்டு சீட் பாடியை வச்சு 1962-ல வந்ததுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அதையும் வரைந்தவர் மிக்கெலொட்டியே. முன்பக்கம் முழுசா முதலை வாய் மாதிரி திறக்கிற பானட் ரெண்டுக்கும் உண்டு. 1980 வரைக்கும் 3 லட்சத்துக்கும் மேல் செஞ்சாங்க. இங்கிலாந்து 1971-ல ஹெரால்டை நிறுத்திடுச்சு. நம்ம ஆளுங்க நாலு கதவு ஹெரால்டும் செஞ்சாங்க, 1972-ல நம்ம ரோட்டுக்கு ஏத்த மாதிரி பின் ஆக்சிலையே மாத்தி கேஸல் என்ற காரையும் கொண்டு வந்தாங்க.

அப்புறம் வந்தது சோகம். 1985-ல ஸ்டாண்டர்டு 2000. பாடி என்னவோ ரோவர் எஸ்டி1, இங்கிலாந்தில் வி8 எஞ்சினோட பறந்த வண்டி. இங்கே உள்ளே இருந்தது வேங்கார்டு வழிவந்த 1991 சிசி எஞ்சின். குதிரை உடம்பு, கழுதைக் கால் :-) மாருதி வந்துட்ட நேரம் வேற. 1988-ல ஃபேக்டரி மூடியாச்சு.

கதை அங்கே முடியலை. வழக்கு, இழுபறி எல்லாம் தாண்டி 2006-ல சொத்துகள் ஏலத்துக்கு வந்தப்போ, பயன்படுத்தாம கிடந்த எஸ்டி1 பாகங்களை வாங்கினது யார் தெரியுமா? ரிம்மர் பிரதர்ஸ்னு ஒரு இங்கிலாந்து ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி! ரோவர் பிறந்த நாட்டுல எஸ்டி1 நின்னுபோய் இருபது வருஷம். வெள்ளைக்காரன் தன் பழைய காரை ஓட வைக்க மெட்ராஸ் குடோன் கதவைத் தட்ட வேண்டியதாயிடுச்சு.

அதனால மக்கா, பழைய கார் வாங்கப் போனா பெயின்ட் பளபளப்புல மயங்காதீங்க. ஸ்பேர் எங்கே கிடைக்கும்னு முதல்ல கேளுங்க. ஹெரால்டுன்னா குனிஞ்சு சேஸிஸைத் தட்டிப் பாருங்க. ஸ்பிட்ஃபயர்னா கதவுக்குக் கீழே ஓடுற சில்லையும் சேர்த்துப் பாருங்க, வண்டியோட பலத்துல பாதி அதுலதான் இருக்கு. எங்க ஊர் உப்புக்காத்து அந்த மாதிரி இடத்தைத்தான் முதல்ல தின்னும். ஆர்சி புக்குல இருக்கிற சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில இருக்கிறதோட ஒத்துப்போகணும்.

இன்னொண்ணு. சொந்தக்காரங்க வீட்டு ஷெட்டுல தாத்தா காலத்து ஹெரால்டு ஏதாவது தூங்கிட்டிருந்தா, காயலான் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பானட்டைத் திறந்து பாருங்க. அந்த வண்டிக்கு சீமையில ஒரு தங்கச்சி இருக்கா.