அலமாரியில் விட்டுவைக்கும் இடம்

புதுமனை கட்டுவோர் கொத்தனாரோடும் தச்சரோடும் அமர்ந்து அளவு குறிக்கும் வேளையில், சமையல் மேடைக்கு எத்தனை அடி, பீரோவுக்கு எந்த மூலை, தொலைக்காட்சிப் பெட்டிக்கு எந்தச் சுவர் என்றெல்லாம் நுணுகி ஆராய்கின்றனர். நூல்களுக்கு எவ்வளவு இடம் என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும், "சுவரில் ஓர் அலமாரி விட்டுவிடுங்கள்" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. அந்த அலமாரியின் தட்டுகளுக்கு இடையே எத்தனை அங்குலம், அதில் எத்தனை நூல்கள் நிற்கும் என்பது தச்சரின் கணக்கு மட்டும்தானா? ஒரு குடும்பம் எதைப் படிக்கும், எதை மறக்கும் என்பதில் அந்த அங்குலங்களுக்கும் பங்குண்டு என்பதை நூலடுக்கின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

பேழையிலிருந்து தட்டுக்கு

'அலமாரி' என்பது போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். 'மேசை'யும் 'சன்னலு'ம் வந்த அதே கப்பலில் வந்தது எனலாம். அவர்கள் 'அர்மாரியோ' என்றனர். அதன் வேர் இலத்தீனின் 'அர்மாரியும்'. இடைக்காலத் துறவு மடங்களில் நூல்களைக் காத்துவைத்த பேழைக்கு இப்பெயர் வழங்கியது. அதற்குப் பொறுப்பான துறவியை 'அர்மாரியுஸ்' என்று அழைத்தனர். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வேர்மவுத்-ஜாரோ மடத்தில் எழுதப்பெற்று, இன்று இத்தாலியின் பிளாரன்சு நகரில் காக்கப்பெறும் 'கோடெக்ஸ் அமியாத்தினுஸ்' என்னும் விவிலியப் படியில் ஓர் ஓவியம் உண்டு. எஸ்ரா அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னே கதவு திறந்த அலமாரி ஒன்றில் ஒன்பது தொகுதிகள் படுக்கை வாக்கில் கிடக்கின்றன. தோலில் எழுதிய நூல் அரிய பொருளாய் இருந்த காலத்தில் அதைப் படுக்கவைக்கவும் இடம் இருந்தது.

நூல்கள் பெருகியபின் அவற்றை நிற்கவைக்க வேண்டியதாயிற்று. களவுக்கு அஞ்சிச் சங்கிலியால் பிணைத்தும் வைத்தனர். இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு பேராலயத்தில் அத்தகைய சங்கிலி நூலகத்தை இன்றும் காணலாம். அங்கே நூலின் முதுகு உட்புறமும் தாள்களின் விளிம்பு வெளிப்புறமும் இருக்கும். சங்கிலி சிக்காமல் நூலை எடுக்க அதுவே வசதி.

நம் நாட்டின் கதை வேறு. பனையோலைச் சுவடி நீளமானது, அகலம் குறைந்தது. அதை நிற்கவைக்க இயலாது. மரச்சட்டங்களுக்கு இடையே வைத்துக் கயிற்றால் கட்டிப் பெட்டியிலோ பரணிலோ அடுக்குவதே வழக்கம். ஆகவே தட்டுகளின் இடைவெளி குறித்த கேள்வி அச்சு நூலோடுதான் இங்கே பிறந்தது. அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்டது. எட்டு ஆண்டுகளுக்குப்பின், 1586இல், அவரே வெளியிட்ட 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களைத் தாண்டியது. ஒரே ஆசிரியரின் இரு நூல்கள். ஒன்று விரல் நகத்தின் பருமனும் இல்லாதது, மற்றொன்று கை கொள்ளாதது. நூல்கள் ஒரே அளவில் வருவதில்லை என்ற பாடம் தமிழ் அச்சின் முதல் பத்தாண்டிலேயே கிடைத்துவிட்டது.

சீர்காழி தந்த நூலகர்

இந்தப் பாடத்தை ஓர் அறிவியலாகவே ஆக்கியவர், 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அவ்வாண்டே இலண்டன் சென்று நூலகக் கலையைப் பயின்றார். திரும்பி வந்தபின், வாசகர்கள் தாமே அடுக்குகளுக்கு நடுவே சென்று நூலை எடுத்துப் பார்க்கும் முறையை நடைமுறைப்படுத்தினார். 1931இல் அவருடைய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' வெளிவந்தது. 1933இல் கோலன் பகுப்பு முறை வந்தது.

1945இல் அவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அவரை அங்கே அழைத்தவர் அப்போது துணைவேந்தராயிருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன். 1888இல் நம் திருத்தணியில் பிறந்தவர். அங்கிருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களை இரங்கநாதன் தம் உழைப்பால் வகைப்படுத்தினார்.

அவருடைய ஐந்து விதிகளும் பெரிய நூலகங்களுக்கு மட்டும் உரியவை என எண்ணுவது தவறு. நூல் பயன்படவே இருக்கிறது என்பது முதல் விதியின் கருத்து. கண்ணாடிக் கதவிட்டுப் பூட்டி, சாவியை எங்கோ வைத்துவிடும் வீட்டு அலமாரி, அழகான சங்கிலி நூலகமே. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிட்டவேண்டும் என்கிறது இரண்டாம் விதி. எட்டாத உயரத்தில் குழந்தைகளின் கதைநூல்களை வைக்கும் வீட்டில் அது மீறப்படுகிறது. நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடையவேண்டும் என்பது மூன்றாவது. ஒன்றரை அடி ஆழமுள்ள தட்டில் இரு வரிசையாக நூல்களை அடுக்கினால், பின்வரிசை நூல்கள் உயிரோடு புதைக்கப்பட்டவையே. தேடும் நேரத்தை மிச்சப்படுத்துவது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்பது ஐந்தாவது. வீட்டில் நாம் முற்றிலும் மறந்துபோவதும் அதுவே.

ஆறடி அலமாரியின் கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தமிழ் நூல்களில் பெரும்பாலானவை இரண்டு அளவுகளில் அடங்கும். கிரௌன் அளவு நூல் ஏறத்தாழ ஏழரை அங்குல உயரம். டெம்மி அளவு எட்டரை அங்குலத்திற்குச் சற்று மேல். விரல் நுழைத்து நூலை எடுக்க மேலே ஓர் அங்குலமேனும் வேண்டும். ஆகவே கிரௌனுக்கு 9 அங்குலம், டெம்மிக்கு 10 அங்குலம், அகராதிகளுக்கும் குழந்தைகளின் படநூல்களுக்கும் 13 அங்குலம் எனக் கொள்ளலாம். தரையிலிருந்து 4 அங்குலம் உயர்த்தி, அடியில் ஒரு 13 அங்குலத் தட்டு, அதன்மேல் இரண்டு 10 அங்குலத் தட்டுகள், அதற்கும் மேல் மூன்று 9 அங்குலத் தட்டுகள் என்று வைத்தால், முக்கால் அங்குலப் பலகைகள் ஏழையும் சேர்த்து உயரம் ஆறடிக்குள் அடங்கிவிடுகிறது. மேல்தட்டு ஐந்தடி உயரத்தில் பெரியவர்களுக்கு எட்டும். படநூல்கள் இருக்கும் கீழ்த்தட்டு குழந்தையின் கைக்கு எட்டும். ஆழம் 10 அங்குலம் போதும். அகராதிகளுக்கு மட்டும் சற்றுக் கூடுதலாய் இருக்கலாம்.

அகலம் மூன்றடி என்றால் ஆறு தட்டுகளில் 18 அடி நீளம் கிடைக்கிறது. சராசரி நூலின் பருமன் முக்கால் அங்குலம் எனின், தட்டுக்கு 48 வீதம் 288 நூல்கள் நிற்கும். அகலத்தை ஆறடியாக்கி நடுவே தாங்கல் இல்லாமல் விட்டால் என்ன என்று சிலர் எண்ணுவர். பலகையின் பருமன் மாறாமல் நீளம் மட்டும் இருமடங்கானால், அதே நெருக்கத்தில் நூல்கள் நிற்கையில் அதன் தொய்வு 16 மடங்காகிறது என்பது பொறியியல் கணக்கு. நடுவில் வளைந்து சிரிக்கும் தட்டுகளைப் பல வீடுகளில் காண்கிறோம், காரணம் இதுதான்.

இனி ஐந்தாம் விதிக்கு வருவோம். 288 நூல்களுக்கான அலமாரியை முதல் நாளே நிரப்பிவிடலாகாது. மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட்டு 192 நூல்களோடு தொடங்கினால், மாதம் இரண்டு நூல் வாங்கும் குடும்பத்திற்கு நான்கு ஆண்டுகளுக்கு இடமுண்டு. 'கலைக்களஞ்சியம்' வெளிவந்த காலத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு உருவாக்கிய அதன் முதல் தொகுதி 1954இல் வந்தது. பத்தாம் தொகுதி 1968இல் வந்தது. முதல் தொகுதியை வாங்கியவர் பதினான்கு ஆண்டுகளாக அடுத்தடுத்த தொகுதிகளுக்கு இடம் விட்டுவைத்திருக்க வேண்டும். காலி இடம் என்பது வீணான இடமாகாது. இன்னும் எழுதப்படாத நூலின்மேல் வாசகர் வைக்கும் நம்பிக்கை அது.

இடமில்லாத வீட்டில் நூல் முதலில் தட்டின்மேல் படுக்கிறது. பிறகு கட்டிலின் அடியிலும் பரணிலும் சேர்கிறது. கடைசியில் கறையானுக்கோ பழைய தாள் கடைக்கோ போகிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா பல்லாண்டுகளாகச் சேர்த்த பழந்தமிழ் நூல்களும் இதழ்களும், 1992இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பெற்று, 1994இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாயின. அத்தகைய பேறு எல்லா வீட்டு நூல்களுக்கும் வாய்ப்பதில்லை. நம் வீட்டு நூல்களுக்கு நம் வீட்டுத் தட்டே கதி.

எல்லை ஊரின் அலமாரி

பள்ளிப்பட்டு போன்ற எல்லை ஊரில் இந்தக் கணக்கிற்கு இன்னொரு பரிமாணம் சேர்கிறது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே சென்ற இப்பகுதி, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணியோடு சேர்ந்து தமிழகத்திற்கு மீண்டது. நில எல்லையை ஒரு நாளில் மாற்றலாம்; வீட்டுக்குள் இருக்கும் நூல்கள் அவ்வாறு மாறுவதில்லை. தாத்தா தெலுங்கில் படித்த இராமாயணமும் நாட்டு வைத்திய நூலும், தந்தையின் தமிழ் நூல்களும், பேரனின் ஆங்கிலப் பாடநூல்களும் ஒரே சுவரில் இடம் கேட்கின்றன.

இங்கே பல வீடுகளில் அலமாரி என்பது சுவரில் பதித்த கடப்பைக் கல் தட்டுகளே. கல் தொய்வதில்லை, கறையான் அதை அரிப்பதில்லை. ஆனால் கட்டும்போது வைத்த இடைவெளியை மாற்ற இயலாது. மழைக்காலத்தில் சுவரின் ஈரம் நூலில் ஏறும். மரத்தில் செய்வோர், பக்கப் பலகைகளில் அங்குலத்திற்கு ஒன்றாகத் துளையிட்டு, முளை செருகி, அதன்மேல் தட்டுகளை வைத்தால் வேண்டியவாறு ஏற்றி இறக்கலாம். கல்லில் அமைப்போர் கட்டும் முன்பே வீட்டிலுள்ள நூல்களை ஒருமுறை அளந்து பார்ப்பது நலம். சுவருக்கும் நூலுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம் விடுவதும் நலம்.

இரங்கநாதனின் மூன்றாம் விதியை இங்கேதான் நெஞ்சில் இருத்தவேண்டும். பேரனுக்குத் தெலுங்கு எழுத்து இன்று தெரியாமல் இருக்கலாம். அதனால் அந்த நூலுக்கு வாசகர் இல்லையென்று தீர்மானித்துவிட முடியுமா? அடுத்த தலைமுறையில் ஒருவர் அம்மொழியைக் கற்கக்கூடும்; எல்லைக்கு அப்பால் மணம் முடித்து வரும் மருமகளே அதன் வாசகராகக்கூடும். பரணில் கட்டிவைத்த நூல் அவர் கண்ணில் படாது. கண்மட்டத்தில் முதுகு தெரிய நிற்கும் நூல் படும். ஆகவே அளவு குறிக்கும் நாளில் இரண்டு இடங்களை நாம் மறவாமல் கேட்டு வாங்கவேண்டும்: முன்னோர் படித்த நூல்களுக்கு ஒரு தட்டு, இனி வரப்போகும் நூல்களுக்கு ஒரு தட்டு. இவ்விரண்டுக்கும் நடுவில் மீந்திருக்கும் இடமே நாம் படிப்பதற்கென நமக்குத் தரப்பட்டது.