பளையிலிருந்து பேராதனைக்கு

தென்னந் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற பளைப் பகுதியில் ஆடு மாடு வளர்ப்பு வழிவழி வந்த வாழ்வாகும். ஆயின் அவற்றின் நோய் தீர்க்கும் கல்வியை நாடும் மாணவர்க்கு இலங்கையில் உள்ள பல்கலைக்கழக வாயில் ஒன்றே, அது பேராதனை.

1940களின் பிற்பகுதியில் கொழும்பில் தோன்றிய மிருக வைத்தியக் கல்வி, 1950களில் பேராதனைக்குப் பெயர்ந்து, 1980இல் தனிப் பீடமாக உயர்ந்தது. இதற்கிடையே அவ்வாயிலை அடையும் வழியே மாறிற்று. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும், 1974இன் மாவட்ட ஒதுக்கீடும் யாழ்ப்பாண மாவட்டத்தின் வாய்ப்புகளைச் சுருக்கின. பளை அந்நாளில் அம்மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே, நகரத்துப் பெருங் கல்லூரிகளின் வசதி எதனையும் காணாத கிராமத்துப் பிள்ளையும், அக்கல்லூரி மாணவரோடு ஒரே நிரலில் நின்று, சுருங்கிய இடங்களுக்குப் போட்டியிட நேர்ந்தது.

1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. பளை அதனுள் அடங்கிற்று. இன்றைய அனுமதி முறையில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. கிளிநொச்சி இறுதி வகையிலும் இடம்பெறுகின்றது. ஆயின் வழி திறந்த காலத்திலேயே போர் அதனை மறித்தது. 1990இல் நின்ற புகைவண்டி 2014 மார்ச்சிலேதான் பளைக்கு மீண்டது.

மாவட்ட எல்லை இடத்தைத் தரலாம். உயிரியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் கற்பிக்கும் ஆசிரியரைத் தராது. பேராதனையின் ஆங்கில விரிவுரையை விளங்கும் ஆற்றலையும் தராது. இவ்விரண்டும் ஊர்ப் பாடசாலையிலேயே கிட்டும் நாளில்தான், பட்டியில் வளர்ந்த பிள்ளை வைத்தியராய் அப்பட்டிக்கு மீளும்.