மிஸ் ஆண்ட்ரூஸ் கொடுத்த பட்டியல்!

‘வுல்ஃபன்பாக் கோட்டை’, ‘க்ளெர்மான்ட்’, ‘மர்ம எச்சரிக்கை’, ‘கருங்காட்டு மந்திரவாதி’, ‘நள்ளிரவு மணி’, ‘ரைன் நதிக்கரை அநாதை’, ‘கொடூர மர்மங்கள்’...

மிரண்டுவிடாதீர்கள்! வெள்ளிக்கிழமை ரிலீஸாகப் போகும் டப்பிங் பேய்ப் படங்களின் லிஸ்ட் அல்ல இது. இருநூறு வருஷங்களுக்கு முன்பு, ‘இதையெல்லாம் அவசியம் படிச்சிடு’ என்று ஒரு தோழி இன்னொரு தோழிக்கு வாசித்துக் காட்டிய நாவல்களின் பட்டியல்.

அந்தத் தோழிகள் நிஜமானவர்கள் அல்ல. ஜேன் ஆஸ்டின் எழுதிய ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் வருகிறவர்கள். 17 வயது கேதரின், கிராமத்துப் பாதிரியாரின் மகள். இங்கிலாந்தின் பாத் நகருக்கு விடுமுறைக்கு வருகிறாள். அங்கே அறிமுகமாகும் இஸபெல்லா, கைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து ஏழு பெயர்களையும் மடமடவென்று ஒப்பிக்கிறாள். கேதரினின் கவலை ஒன்றே ஒன்றுதான். ஏழுமே நன்றாக பயமுறுத்துமா, இல்லை ஏமாற்றிவிடுமா? கவலைப்படாதே என்கிறாள் இஸபெல்லா. மிஸ் ஆண்ட்ரூஸ் என்கிற அவளுடைய இன்னொரு தோழி ஏழையும் படித்து முடித்துவிட்டாளாம். கியாரன்ட்டி!

இந்த மிஸ் ஆண்ட்ரூஸைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படுவார்.

விஷயம் என்னவென்றால், ஆஸ்டினின் நாவல் வந்து நூறு வருஷத்துக்குள் அந்த ஏழு புத்தகங்களையும் உலகம் சுத்தமாக மறந்துபோனது. ‘ஆஸ்டின் அம்மையார் கிண்டலுக்காகச் சும்மா இட்டுக்கட்டிய பெயர்கள்’ என்றே பலரும் நினைத்தார்கள். ஒரு காலத்தில் ஊரே ராத்திரி தூக்கத்தைத் தொலைத்துவிட்டுப் படித்த கதைகள், ‘இப்படியெல்லாம் இருந்ததா என்ன?’ என்று சந்தேகப்படும் அளவுக்கு எப்படி மாயமாய் மறைந்தன?

இந்தக் கதை ஒரு கனவில் ஆரம்பிக்கிறது.

ஹொரேஸ் வால்போல் சாமானியர் இல்லை. பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போலின் மகன். பார்லிமென்ட் உறுப்பினர். பணத்துக்குப் பஞ்சமில்லை. லண்டனுக்கு அருகே ட்விக்கன்ஹாமில் ‘ஸ்ட்ராபெர்ரி ஹில்’ என்ற வீட்டைப் பழைய காலத்துக் கோட்டை மாதிரி இழைத்து இழைத்துக் கட்டிக்கொண்டிருந்தவர். 1764-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு ராத்திரி அவருக்கு ஒரு கனவு. பழைய கோட்டை ஒன்றின் மாடிப்படி. உச்சியில், கைப்பிடி மீது, இரும்புக் கவசம் போட்ட ராட்சதக் கை ஒன்று!

வேறு யாராக இருந்தாலும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பார்கள். வால்போல் எழுத உட்கார்ந்தார். இரண்டு மாதத்துக்குள் ‘ஒட்ரான்டோ கோட்டை’ ரெடி! கல்யாணத்தன்று மாப்பிள்ளை தலையில் வானத்திலிருந்து யானை சைஸ் ஹெல்மெட் விழுந்து அவன் நசுங்கிச் சாகிறான். கதை ஆரம்பிப்பதே அப்படித்தான்!

ஆனால், அச்சுக்குக் கொடுக்கும்போது மனுஷருக்கு உதறல். பார்லிமென்ட் மெம்பர் பேய்க்கதை எழுதினார் என்றால் ஊர் சிரிக்காதா? ஆகவே ஒரு கப்சா விட்டார். ‘இது 1529-ல் நேப்பிள்ஸில் அச்சான பழைய இத்தாலியப் புத்தகம். எழுதியவர் ஒரு பாதிரியார். வில்லியம் மார்ஷல் என்பவர் மொழிபெயர்த்தது’ என்று போட்டு, 1764 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வெளியிட்டார். 500 பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. அடுத்த வருஷமே இரண்டாம் பதிப்பு. தைரியம் வந்து, ‘எழுதினது நான்தான்’ என்று ஒப்புக்கொண்டார். ‘ஒரு காதிக் கதை’ என்று துணைத் தலைப்பும் கொடுத்தார். அந்த வகை நாவலுக்கே அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

வேடிக்கை இனிமேல்தான். பழைய புத்தகம் என்று நம்பி முதலில் பாராட்டிய ஒரு விமரிசனப் பத்திரிகை, உயிரோடு இருக்கும் ஆசாமி எழுதியது என்று தெரிந்ததும் அப்படியே பல்டி அடித்துத் திட்டித் தீர்த்தது. கதையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை! எழுதியவர் செத்து இருநூறு வருஷம் ஆகியிருந்தால் அது இலக்கியம். பக்கத்துத் தெருவில் இருந்தால் குப்பை. இந்த வியாதி இன்றைக்கும் முழுசாகக் குணமாகவில்லை.

வால்போல் கனவு கண்ட அதே 1764-ல் லண்டனில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிற்பாடு ஆன் ராட்க்ளிஃப் என்ற பெயரில் ஐரோப்பாவையே நடுங்கவைத்தவர். கணவர் பத்திரிகையாளர். ராட்க்ளிஃப் அம்மையார் 1794-ல் எழுதிய ‘உடால்ஃபோவின் மர்மங்கள்’ நாவலுக்குக் கிடைத்த தொகை 500 பவுண்டு! மூன்று வருஷம் கழித்து ‘தி இட்டாலியன்’ நாவலுக்கு 800 பவுண்டு! அந்தக் காலத்தில் ஒரு நாவலாசிரியர் கனவிலும் நினைத்துப் பார்க்காத பணம்.

அப்படி என்ன செய்தார்? பேயைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவைத்தார். ஆனால், கதவைத் திறக்கவில்லை! உடால்ஃபோ கோட்டையில் ஒரு கறுப்புத் திரை. அதை விலக்கிப் பார்க்கும் கதாநாயகி மயங்கி விழுகிறாள். உள்ளே என்ன? ஆசிரியர் சொல்லமாட்டார். நூற்றுக்கணக்கான பக்கங்கள் தவிக்கவிட்டு, கடைசியில்தான் சொல்கிறார்... அது மெழுகு பொம்மை! ராட்க்ளிஃப்பிடம் எல்லா ஆவிக்கும் கடைசியில் ஒரு காரணம் இருக்கும். வால்போல் பேயைக் கொண்டுவந்தார் என்றால், ‘சஸ்பென்ஸ்’ என்கிற சரக்கை மொத்தமாகக் கடை பரப்பியவர் இவர்தான்.

சரி, இதையெல்லாம் ஜனங்கள் எப்படிப் படித்தார்கள்? புத்தகம் பயங்கர விலை. சொந்தமாக வாங்குவது வசதியானவர்களுக்கே கொஞ்சம் இடிக்கும். எனவே லெண்டிங் லைப்ரரி! சந்தா கட்டு, எடு, படி, திருப்பிக் கொடு. நாவலை மூன்று நான்கு பாகங்களாகப் பிரித்து பைண்ட் செய்தால் லைப்ரரிக்காரருக்கு லாபம். ஒரே கதையை ஒரே சமயத்தில் மூன்று நான்கு பேருக்கு வாடகைக்கு விடலாமே!

இந்த பிசினஸில் கொடிகட்டிப் பறந்தவர் வில்லியம் லேன். லண்டன் லெடன்ஹால் தெருவில் ‘மினர்வா பிரஸ்’ நடத்தியவர். தானே அச்சடித்து, தானே விற்று, தானே வாடகைக்கும் விட்டார். அது போதாதென்று, வெளியூர்க் கடைக்காரர்களுக்கு ‘ரெடிமேட் லைப்ரரி’யே சப்ளை செய்தார். புத்தகங்கள், கேட்டலாக், எப்படி நடத்துவது என்கிற குறிப்புகள் எல்லாம் சேர்த்து ஒரே பார்சல்! மிஸ் ஆண்ட்ரூஸின் ஏழு நாவல்களில் ஆறு, மினர்வா வெளியீடுகள்தான்.

லேனுக்கு எழுதிக் குவித்தவர்களில் நிறையப் பேர் பெண்கள். பலர் சொந்தப் பெயர்கூடப் போடாமல், ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்று மட்டும் போட்டுக்கொண்டவர்கள். பெயர் போட்டவர்களில் ஒருவர் எலைசா பார்சன்ஸ். பட்டியலில் உள்ள ‘வுல்ஃபன்பாக் கோட்டை’ (1793), ‘மர்ம எச்சரிக்கை’ (1796) இரண்டும் அவருடையவை. ‘பொழுதுபோகாமல் கதை எழுதின பணக்கார அம்மா’ என்று நினைத்தால் தப்பு. கணவருக்கு டர்பன்டைன் வியாபாரம். ஒரு தீ விபத்தில் எல்லாம் சாம்பல். மனமும் உடம்பும் ஒடிந்துபோன கணவரும் போய்ச் சேர்ந்தார். கையில் எட்டுக் குழந்தைகள்! அம்மையார் பேனாவைப் பிடித்தார். 1811-ல் இறப்பதற்குள் சுமார் 60 பாகங்கள் எழுதித் தள்ளினார். அப்படியும் கடன் விடவில்லை. நலிந்த எழுத்தாளர்களுக்கு உதவும் நிதியிடம் மனு போட வேண்டியிருந்தது.

அவருடைய ‘வுல்ஃபன்பாக் கோட்டை’யில் பேய் நடமாடுவதாக ஊரே நடுங்குகிறது. மாடிக்குப் போய்ப் பார்த்தால் அங்கே பேய் இல்லை. ‘செத்துப்போய்விட்டாள்’ என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, புருஷன் பூட்டிவைத்திருக்கும் மனைவி!

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அன்றைய இங்கிலாந்தில் கல்யாணமானவுடன் பெண்ணின் பணம், சாமான், சம்பாத்தியம் எல்லாம் கணவன் கைக்குப் போய்விடும். அதை மாற்றும் சட்டங்கள் 1870-லும் 1882-லும்தான் வந்தன. வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்ல முடியாத பெண்கள், அதற்குப் பேய் வேஷம் போட்டு, இத்தாலிக்கோ ஜெர்மனிக்கோ அனுப்பி, கோட்டைக்குள் வைத்து எழுதினார்கள். படித்த பெண்களுக்கும் எந்தக் கோட்டை, யாருடைய வீடு என்று புரிந்திருக்காதா என்ன?

பெரிய மனிதர்களுக்கு இந்த நாவல்கள் ஆகவே ஆகாது. ஷெரிடனின் ‘தி ரைவல்ஸ்’ நாடகத்தில் (1775) ஓர் அப்பா கேரக்டர் லெண்டிங் லைப்ரரிகளைச் சபித்துக் கொட்டும். கதாநாயகியோ பெரியவர்கள் வருகிற சத்தம் கேட்டதும் நாவல்களை அவசர அவசரமாக ஒளித்துவைப்பாள். ‘பெண்பிள்ளை கெட்டுப்போவாள்’ என்பதுதான் எல்லார் புலம்பலும்.

ஆனால், ரகசியமாக எல்லாரும்தான் படித்தார்கள்! 1798 அக்டோபரில் ஜேன் ஆஸ்டின் தன் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு தகவல் வருகிறது. பிரயாணத்தின் நடுவே ஒரு சத்திரத்தில் தங்கியிருக்கிறார்கள். அப்பா லைப்ரரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவந்து மும்முரமாகப் படித்துக்கொண்டிருக்கிறாராம். என்ன புத்தகம்? ‘நள்ளிரவு மணி’! அந்த அப்பா யார்? ஊர்ப் பாதிரியார்!

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த ஜேன், ‘நார்த்தாங்கர் அபே’யில் என்ன செய்தார் தெரியுமா? நாவல் படித்து மண்டை குழம்பிய கேதரின், ஒரு பழைய மாளிகைக்கு விருந்தாளியாகப் போகிறாள். ராத்திரி. புயல். பூட்டிய அலமாரி. உள்ளே ஒரு காகிதச் சுருள்! விடிந்ததும் நடுங்கியபடி பிரித்தால்... சலவைக் கணக்கு! வீட்டுக்காரரான ஜெனரல், மனைவியைக் கொன்றிருப்பார் என்று வேறு சந்தேகப்பட்டு அசடு வழிகிறாள்.

‘பார்த்தாயா, நாவல் படித்தால் இதுதான் கதி’ என்று முடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். அதே ஜெனரல், இந்தப் பெண்ணிடம் சொத்து இல்லை என்று தெரிந்த மறுநிமிஷம், ஒரு துணைகூட இல்லாமல் அவளை வீட்டைவிட்டு விரட்டுகிறார். கொலைகாரர் இல்லைதான். ஆனால், கொடுமைக்காரர் என்று அவள் மனசுக்குப் பட்டது பொய்யில்லையே! கோட்டையும் வேண்டாம், ஆவியும் வேண்டாம், பணக்கணக்குப் போடும் ஒரு மாமனார் போதும் என்று காட்டினார் ஆஸ்டின். நாவலாசிரியர்களே நாவல்களை மட்டம் தட்டுவதைக் கதைக்கு நடுவே ஒரு பிடி பிடிக்கவும் செய்தார். உடால்ஃபோவை இரண்டே நாளில் படித்து முடித்ததாக நாவலின் கதாநாயகனையே பெருமையாகச் சொல்லவைத்தார்!

அந்த நாவல் பட்ட பாடு தனிக் கதை. 1803-ல் ஒரு பதிப்பாளர் வெறும் 10 பவுண்டுக்கு வாங்கி, அச்சடிக்காமல் தூக்கி மூலையில் போட்டார். 1809-ல் ஆஸ்டின் வேறு பெயரில் கடிதம் போட்டுக் கேட்டபோது, ‘10 பவுண்டைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்’ என்று பதில் வந்தது. அப்போது அவரிடம் அது இல்லை. 1816-ல்தான் மீட்க முடிந்தது. 1817 ஜூலையில் ஆஸ்டின் இறந்தார். டிசம்பரில் நாவல் வெளிவந்தது. அவர் அதைப் புத்தகமாகப் பார்க்கவே இல்லை.

வாடகைப் புத்தகங்களுக்கு ஆயுசு கெட்டியில்லை. கைமாறிக் கைமாறி, கிழிந்து, கடைசியில் பழைய பேப்பர். கல்லூரி நூலகங்கள் இவற்றைச் சீந்தவில்லை. அப்படித்தான் ஏழும் காணாமல்போயின. இருபதாம் நூற்றாண்டில் சில புத்தகப் பிரியர்கள் சல்லடை போட்டுத் தேடினார்கள். ‘ஏழும் நிஜம்!’ என்று 1927-ல் விவரமாக எழுதினார் மைக்கேல் சாட்லர். அவர் சேகரித்த காதிக் நாவல்கள் இன்று அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1968-ல் ஏழும் ஒரே செட்டாக லண்டனில் மறுபடி அச்சேறின. பதிப்பித்தவர்? தேவேந்திர பி.வர்மா! பீகாரில் பிறந்து, கனடாவில் பேராசிரியராக இருந்த நம் ஆள்!

அந்த வருஷங்களில் வந்து மறைந்த பேய் நாவல்கள் எத்தனையோ. இந்த ஏழை மட்டும் தேடிப் போனதற்கு ஒரே காரணம், ஒரு வாசகியின் சிபாரிசுப் பட்டியல்தான்.

இப்போது மிஸ் ஆண்ட்ரூஸுக்கு வருவோம். அவர் நாவலில் நேரில் வருவதே இல்லை. ஒரு வசனம்கூடக் கிடையாது. பெரிய மனிதர்கள் கொண்டாடிய ‘சர் சார்லஸ் கிராண்டிசன்’ நாவலை, முதல் பாகம்கூடத் தாண்ட முடியாமல் மூடிவைத்தவர் என்று மட்டும் தெரிகிறது. பேராசிரியர்கள் பரீட்சை வைத்திருந்தால் ஃபெயில்! ஆனால், எட்டுக் குழந்தைகளை வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதிய எலைசா பார்சன்ஸை இன்று நாம் படிக்க முடிகிறது என்றால், அதற்கு நன்றி சொல்ல வேண்டியது எந்தப் பேராசிரியருக்கும் அல்ல... கற்பனையில் பிறந்த அந்தப் பெண்ணுக்குத்தான்!

இந்த மாசம் நீங்கள் படித்தது என்னென்ன? ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி யாரிடமாவது கொடுத்துவையுங்கள். யார் கண்டது!