நோக்கியா தளம் மாறிய கதை

ஆண்ட்ராய்டு போனை விட்டு ஐபோனுக்கு மாறலாமா, ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு வரலாமா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஏராளம். முடிவு தப்பாகிப் போனாலும் பெரிய மோசமில்லை. கொஞ்சம் பணம் நஷ்டம், அவ்வளவுதான். அடுத்த போன் வாங்கும்போது சரி செய்துகொள்ளலாம்.

இதே கேள்வி, உலகிலேயே அதிக செல்போன் விற்றுக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் முன்னால் வந்து நின்றால்? 2010-ன் கடைசியில் பின்லாந்தின் நோக்கியாவுக்கு அப்படித்தான் வந்து நின்றது. 2011 பிப்ரவரியில் பதில் சொன்னார்கள். அடுத்த மூன்றே கால் வருடத்தில் நோக்கியாவின் செல்போன் வியாபாரமே வேறு கைக்குப் போய்விட்டது.

"நோக்கியா ஆண்ட்ராய்டுக்கு மாறியிருந்தால் பிழைத்திருக்கும்" என்று இன்றும் பலர் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு சுலபமானதா? பார்க்கலாம்.

சிம்பியன் ராஜ்ஜியம்

கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் எப்படியோ, அப்படி அந்தக் கால ஸ்மார்ட்போனுக்கு சிம்பியன். பிரிட்டனைச் சேர்ந்த சயான் கம்பெனி கையடக்கக் கணினிகளுக்காக ஒரு இயங்குதளம் வைத்திருந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு 1998-ல் சயான், நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா ஆகியவை சேர்ந்து உருவாக்கியதுதான் சிம்பியன். 2008-ல் மற்றவர்களின் பங்குகளை வாங்கி முழுவதையும் தனதாக்கிக்கொள்ள நோக்கியா முடிவு செய்தது.

அப்போது நோக்கியாவை அசைக்க ஆளில்லை. உலகில் விற்ற செல்போன்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு நோக்கியா. 2003-ல் வந்த சாதாரண 1100 மாடல் மட்டுமே 25 கோடிக்கு மேல் விற்றது. பட்டன் போன் ஆனாலும் ஸ்மார்ட்போன் ஆனாலும் நோக்கியாதான் முதலிடம்.

2007 ஜனவரியில் ஆப்பிள் ஐபோனை அறிமுகப்படுத்தியது. அதே வருடம் நவம்பரில் கூகுள் ஆண்ட்ராய்டை அறிவித்தது. 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தது. அன்றிலிருந்து போட்டியின் விதியே மாறிவிட்டது. அதுவரை போன் நன்றாக இருக்கிறதா, பேட்டரி நிற்கிறதா, கேமரா எப்படி என்றுதான் கேட்டார்கள். அதன் பிறகு "அதில் என்னென்ன ஆப் கிடைக்கும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

சிம்பியன் பட்டன் காலத்தில் பிறந்தது. தொடுதிரைக்கு அதை வளைத்து எடுப்பதற்குள் நோக்கியா திணறிவிட்டது. அதில் ஆப் எழுதுவதும் பெரிய பாடு.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். 2010-ல் நோக்கியா சுமார் 10 கோடி ஸ்மார்ட்போன்கள் விற்றது. அது முந்தைய வருடத்தை விட அதிகம்! எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சந்தைப் பங்கு இறங்கிக்கொண்டிருந்தது. கார்ட்னர் நிறுவனத்தின் கணக்குப்படி சிம்பியனின் பங்கு 2009-ல் 46.9 சதவீதம், 2010-ல் 37.6 சதவீதம். ஆண்ட்ராய்டோ அதே ஒரு வருடத்தில் 3.9-லிருந்து 22.7 சதவீதத்துக்குத் தாவியது. அதாவது நோக்கியாவுக்கு நோய் வந்திருந்தது உண்மை. ஆனால் நோயாளி எழுந்து நடந்துகொண்டுதான் இருந்தார்.

முன்னால் இருந்த மூன்று வழிகள்

2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்த ஸ்டீஃபன் ஈலோப் தலைமைப் பொறுப்பேற்றார். கனடாக்காரர். பின்லாந்துக்காரர் அல்லாத ஒருவர் நோக்கியாவின் தலைமைக்கு வந்தது அதுவே முதல் முறை. அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, சொந்த வீட்டைப் பழுது பார்ப்பது. சிம்பியனுக்கு அடுத்ததாக மீகோ என்ற புதிய தளத்தை இன்டெல்லோடு சேர்ந்து நோக்கியா 2010 பிப்ரவரியிலேயே அறிவித்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலமும் இருந்தது. நோக்கியா 2008-ல் வாங்கிய கியூட்டி என்ற மென்பொருள் கருவிதான் அது. கியூட்டியில் ஆப் எழுதினால் சிம்பியனிலும் ஓட வைக்கலாம், மீகோவிலும் ஓட வைக்கலாம் என்பது திட்டம். ஆனால் மீகோவின் வேகம் போதாது. 2011 முடிவதற்குள் ஒரே ஒரு மீகோ போன்தான் தேறும் என்பது ஈலோப்பின் மதிப்பீடு.

இரண்டாவது வழி ஆண்ட்ராய்டு. மென்பொருள் தயாராக இருந்தது, ஆப்களும் குவிந்துகொண்டிருந்தன. ஆனால் நோக்கியாவுக்குள் இதற்குக் கடும் எதிர்ப்பு. ஆண்ட்ராய்டுக்குப் போகும் கம்பெனிகளை, குளிர் தாங்காமல் கால்சட்டையிலேயே சிறுநீர் கழித்துக் கதகதப்புத் தேடும் சிறுவர்களோடு ஒப்பிட்டார் நோக்கியாவின் மூத்த நிர்வாகி அன்சி வான்யோகி. கொஞ்ச நேரத்துக்குச் சுகம், பிறகு முன்னை விட அதிகக் குளிர் என்பது அவர் சொல்ல வந்தது. ஈலோப்பின் கவலை வேறு. ஆண்ட்ராய்டில் எல்லோர் போனும் ஒரே மாதிரிதான் இருக்கும், கடைசியில் ஏதாவது ஒரு கம்பெனி மட்டும் மற்றவர்களை விழுங்கிவிடும் என்று பயந்தார். மேலும் நவ்டெக் என்ற வரைபட நிறுவனத்தை நோக்கியா 810 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. கூகுளிடம் போனால் கூகுள் மேப்ஸ் முன்னால் அந்தப் பணத்துக்கு என்ன மதிப்பு?

மூன்றாவது வழி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன். 2010 கடைசியில்தான் விற்பனைக்கு வந்த குழந்தை அது. ஆனால் அங்கே போனால் நோக்கியாதான் ராஜா. நோக்கியாவின் வரைபடத்துக்கும் இடமுண்டு. கூடவே காலாண்டுக்கு 25 கோடி டாலர் ஆதரவுத் தொகை தரவும் மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது.

காகிதத்தில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூன்றாவது வழி முட்டாள்தனமாகத் தெரியவில்லை. சிக்கல் அது அறிவிக்கப்பட்ட விதத்தில் இருந்தது.

எரியும் தளம்

2011 பிப்ரவரித் தொடக்கத்தில் ஈலோப் ஊழியர்களுக்கு எழுதிய ஒரு கடிதம் வெளியே கசிந்தது. அதில் ஒரு கதை. வட கடலில் எண்ணெய் எடுக்கும் தளம் ஒன்றில் ஒருவர் வேலை பார்க்கிறார். ஒரு நாள் இரவு வெடிச்சத்தம் கேட்டு எழுந்தால் தளம் முழுக்கத் தீ. கீழே உறைய வைக்கும் கடல். நின்றால் சாவு நிச்சயம். குதித்தால் பிழைக்க ஒரு வாய்ப்பு. குதித்தார், பிழைத்தார். நோக்கியாவும் எரியும் தளத்தின் மேல்தான் நிற்கிறது என்றார் ஈலோப்.

பிப்ரவரி 11 அன்று லண்டனில் மைக்ரோசாஃப்ட் கூட்டணியை அறிவித்தார்கள். இனி விண்டோஸ் போன்தான் முதன்மைத் தளம். சிம்பியன் மெல்ல ஓய்வு பெறும். ஆனால் அதற்குள் இன்னும் 15 கோடி சிம்பியன் போன்கள் விற்போம் என்றார்கள். அன்று ஒரே நாளில் நோக்கியா பங்கின் விலை 14 சதவீதம் போல விழுந்தது.

கடைக்காரர் பக்கத்திலிருந்து யோசித்தால் காரணம் புரியும். "இந்தச் சரக்கு எரிந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் 15 கோடி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று முதலாளியே சொன்னால் யார் வாங்குவார்கள்?

ஆஸ்போர்ன் கற்றுக்கொடுத்த பாடம்

இது புதிய தப்பு அல்ல. வணிக உலகில் இதற்குப் பெயரே உண்டு: ஆஸ்போர்ன் விளைவு.

ஆடம் ஆஸ்போர்ன் நம் ஊரோடு தொடர்புள்ளவர். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதியவர். மகன் வளர்ந்தது திருவண்ணாமலையில். பின்னாளில் அமெரிக்கா போய் 1981-ல் ஆஸ்போர்ன் 1 என்ற கணினியைக் கொண்டுவந்தார். எடை சுமார் 11 கிலோ, விலை 1,795 டாலர். கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினி என்று சக்கைப்போடு போட்டது. 1983-ல், அடுத்த மாடல் கடைக்கு வருவதற்கு முன்பே அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "புதுசு வரும்போது பழசு எதற்கு?" என்று விற்பனையாளர்கள் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். அதே வருடம் செப்டம்பரில் கம்பெனி திவால். போட்டியாளர்கள், நிர்வாகக் குளறுபடி என்று வேறு காரணங்களும் உண்டு என வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. ஆஸ்போர்ன் 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.

நோக்கியா செய்தது இதை விட ஒரு படி மேல். ஆஸ்போர்ன் புதிய சரக்கைப் புகழ்ந்தார். நோக்கியா பழைய சரக்கை இகழவும் செய்தது. அதுவும் புதிய சரக்கு கையில் இல்லாதபோது! முதல் லூமியா போன்களை அறிமுகப்படுத்தியது 2011 அக்டோபர் 26-ல். நடுவே எட்டரை மாத இடைவெளி.

எண்கள் சொல்வது

ஒவ்வொரு காலாண்டிலும் நோக்கியா விற்ற ஸ்மார்ட்போன்கள்:

2010 கடைசிக் காலாண்டு – 2 கோடியே 83 லட்சம்
2011 முதல் காலாண்டு – 2 கோடியே 42 லட்சம்
2011 இரண்டாம் காலாண்டு – 1 கோடியே 67 லட்சம்
2012 இரண்டாம் காலாண்டு – 1 கோடியே 2 லட்சம்
2012 மூன்றாம் காலாண்டு – 63 லட்சம்

2011-ன் இரண்டாம் காலாண்டிலேயே ஸ்மார்ட்போன் விற்பனையில் ஆப்பிள் நோக்கியாவை முந்திவிட்டது. 2012 தொடக்கத்தில், 14 வருடம் கையில் வைத்திருந்த மொத்த செல்போன் விற்பனையின் முதலிடத்தையும் சாம்சங் பறித்துக்கொண்டது.

பாலமும் உடைந்தது. விண்டோஸ் போனில் கியூட்டி ஓடாது. சிம்பியனுக்காக உழைத்த மென்பொருளாளர்கள் மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எப்படியும் புதிதாகக் கற்க வேண்டும் என்றால், கூட்டம் அதிகம் இருக்கும் ஆண்ட்ராய்டையே கற்கலாமே? போனார்கள். கடை இல்லாத சந்தைக்கு ஆள் வராது, ஆள் வராத சந்தையில் கடை போட மாட்டார்கள். இன்ஸ்டாகிராம் விண்டோஸ் போனுக்கு வந்ததே 2013 நவம்பரில்தான்.

2012 ஜூனில் இன்னொரு அடி. விண்டோஸ் போன் 8 வரும், ஆனால் ஏற்கெனவே விற்ற லூமியாக்களில் அதைப் போட முடியாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. லூமியா 900 அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை! அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிட்டது.

2013 செப்டம்பரில் செல்போன் வியாபாரத்தையும் காப்புரிமைகளுக்கான உரிமத்தையும் சேர்த்து 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தார்கள். 2014 ஏப்ரலில் கைமாறியது. அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் இதில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

ஸ்ரீபெரும்புதூரில்

2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் ஒரு கட்டத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் வந்த இளம் பெண்கள் அதில் பெரும்பங்கு. பலருக்கு அதுதான் முதல் சம்பளம்.

அந்த ஆலை மூடியதற்குத் தளம் மாறியது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அங்கே செய்தவை பெரும்பாலும் மலிவு விலை போன்கள். 2013-ல் வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய் வரி கேட்டது. இதில் விசித்திரம், பிரச்சினை மென்பொருள் பற்றியதுதான். போனில் போடும் மென்பொருளுக்காக பின்லாந்துக்கு அனுப்பிய பணத்துக்கு வரி பிடிக்கவில்லை என்பது வழக்கு. சொத்து முடக்கப்பட்டதால் ஆலையை மைக்ரோசாஃப்டுக்கு மாற்றிக்கொடுக்க முடியவில்லை. மைக்ரோசாஃப்டும் ஆர்டரை நிறுத்திக்கொள்ள, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு, இருபதுகளின் நடுவிலேயே வீடு திரும்பினார்கள். செல்போன் வியாபாரம் நோக்கியாவிடமே லாபத்தோடு இருந்திருந்தால், வரி வழக்கை நடத்திக்கொண்டே ஆலையையும் நடத்தியிருக்கலாம்.

ஆண்ட்ராய்டுக்குப் போயிருந்தால்?

போனவர்கள் கதையையும் பார்க்க வேண்டும். மோட்டோரோலா கூகுளிடம் போய், பிறகு லெனோவோவிடம் போனது. முதல் ஆண்ட்ராய்டு போனைச் செய்த எச்டிசி தேய்ந்தது. எல்ஜி 2021-ல் செல்போன் வியாபாரத்தையே மூடியது. அந்தக் கூட்டத்தில் பெரிதாக வென்றது சாம்சங். ஒரே கம்பெனி விழுங்கிவிடும் என்ற ஈலோப்பின் பயம் பெருமளவுக்குப் பலித்தது என்றே சொல்லலாம்.

சாம்சங் வென்ற முறைதான் முக்கியம். 2010-ல் அது ஆண்ட்ராய்டு போனும் விற்றது, விண்டோஸ் போனும் விற்றது, பாடா என்ற சொந்தத் தளத்திலும் போன் விற்றது. எதையும் எரியும் தளம் என்று சொல்லவில்லை. எது ஓடுகிறதோ அதில் பணத்தைக் கொட்டியது.

ஆப்பிள் 2005-ல் தன் மேக் கணினிகளை இன்டெல் சிப்புக்கு மாற்றப்போவதாக, சரக்கு வருவதற்கு ஏழு மாதம் முன்பே அறிவித்தது. ஆனால் விற்பனை படுத்துவிடவில்லை. பழைய மென்பொருள் புதிய கணினியிலும் ஓடும்படி ரொசெட்டா என்ற ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தார்கள். பாலம் இருந்தது, மக்கள் நடந்து வந்தார்கள்.

ஆகவே நோக்கியா தவறான தளத்தைத் தேர்ந்தெடுத்தது என்பது பாதி உண்மைதான். சிம்பியனை விட்டு மாறியே ஆக வேண்டும் என்பதில் ஈலோப் சொன்னது சரி. ஆனால் காலாண்டுக்கு 2 கோடியே 83 லட்சம் பேர் காசு கொடுத்து வாங்கிய ஒரு தளத்தை, மாற்று வருவதற்கு எட்டு மாதம் முன்பே முதலாளியே கைகழுவியதுதான் பெரிய அடி. சிம்பியன் தந்துகொண்டிருந்த பணம்தான் புதிய தளத்தை வளர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பணம் வரும் வழியை முதலில் அடைத்துவிட்டார்கள்.

நோக்கியா என்ற கம்பெனி சாகவில்லை. தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் நிறுவனமாகத் தொடர்கிறது. விண்டோஸ் போனின் ஆயுள் 2020 ஜனவரியோடு முடிந்தது. அதற்கு முன்பே, 2017-ல், நோக்கியா பெயரை உரிமம் பெற்ற எச்எம்டி நிறுவனம் அந்தப் பெயரில் புது ஸ்மார்ட்போன்களைக் கொண்டுவந்துவிட்டது. அவற்றில் ஓடியது ஆண்ட்ராய்டு!